'தீர்வைக்குரியது' என்ற சொல்லும் அத்தையின் புடவைகளும்

அன்பு மகனே,

நீ அலைபேசியில் அனுப்பிய வரைவு கிடைத்தது. அதை என் வழக்கறிஞர் தாளில் எடுத்தெழுதி, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, உடனே படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறாய். கோலாலம்பூர் விமான நிலையத்துச் சுங்க அலுவலகத்தில் உன் விளக்கத்தைக் கொடுக்க இந்த வாரம் முழுவதும் அவகாசம் இருக்கிறது என்று நீயே எழுதிவிட்டு, அதற்கு அடுத்த குரல்பதிவில், "ப்பா, ஜல்தியா பண்ணுங்க, சும்மா கேள்வி கேட்டுகினு இருக்காதீங்க" என்றும் சொல்லியிருக்கிறாய். கேள்வி கேட்பது என் தொழில். ஆரணி நீதிமன்றத்தில் அதைச் செய்துதான் உன்னைப் படிக்கவைத்தேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வெட்டிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். எழுத்தை வெட்ட முடியாது. வேண்டுமானால் படிக்காமல் விடலாம். இந்த ஒருமுறை முழுவதும் படி.

நடந்தவற்றை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். நீ கோபத்தில் பாதி சொன்னாய். உன் தாய்மாமா தெளிவுபடுத்துகிறேன் என்று வந்து மீதியைக் குழப்பினார். உன் அத்தை கிருபையும் அவள் கணவரும் இத்தனை காலம் கூலிக்கு நெய்தவர்கள். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார், புடவையும் அவருடையதாகும், இவர்களுக்குக் கூலி மட்டும். இந்த வருடம்தான், வாழ்க்கையில் முதல்முறையாக, பட்டையும் சரிகையையும் தாங்களே வாங்கி, தங்கள் தறியில் தங்களுக்கென்று நெய்தார்கள். நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். உன்னோடு வேலை பார்க்கும் குடும்பங்கள் அங்கே தீபாவளிக்கு ஆரணிப் பட்டு கேட்பதாகவும், எடுத்துக்கொண்டு போய் விற்றுத் தருவதாகவும் சொன்னாய். அத்தை ஒரு புடவையைக்கூட உள்ளூர்க் கடைக்குக் கொடுக்காமல் எல்லாவற்றையும் உன் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டிதான் இப்போது சுங்க அலுவலகத்தில் இருக்கிறது. உன் மானமோ என் முத்திரையோ பிறகு. அவர்கள் சொந்தமாக நெய்த முதல் புடவைகள் திரும்பக் கிடைக்குமா என்பதுதான் இங்கே விவகாரம். இதை நீ ஒரு கணமும் மறக்கலாகாது. உன் வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெட்டி கட்டிய மாலையை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் உனக்கு அது வேறு மாதிரி நினைவிருக்கலாம். நான் நீதிமன்றத்திலிருந்து வந்தபோது கூடம் முழுக்கப் புடவைகள். உன் அத்தை புடவைகளின் கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா முந்தானை நூல்களைப் பிரித்துக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். உன் மாமா, கண்ணமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஒரு காலத்தில் துபாய் போய்த் திரும்பிய தகுதியில், நாற்காலியில் சாய்ந்தபடி எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். விற்கப்போகிற புடவைக்கு ஏன் இப்போதே ஃபால்ஸ் என்று நான் கேட்டேன். "அங்கெல்லாம் ஃபால்ஸ் தெச்சிக் குடுக்க ஆளு கெடையாதாம்ண்ணா. தெச்சே குடுத்தா வாங்கறவங்களுக்கு சௌகரியம்னு உங்க மச்சான் சொன்னாரு" என்றாள் அத்தை. நான் நம்பினேன். அவளும் நம்பினாள். அவள் முதுகைக்கூட நிமிர்த்தாமல் தைத்தது, யாரோ ஓர் அந்நியப் பெண் அடுத்த நாளே எடுத்துக் கட்ட வேண்டும் என்பதற்காக.

அத்தை காபி போட உள்ளே போனதும் நான் பில் எங்கே என்று கேட்டேன். "பில்லா? ஊட்ல நெய்ஞ்ச புடவைக்கு இன்னாத்துக்கு மச்சான் பில்லு?" என்றார் உன் மாமா. விற்பனைக்குப் போகும் பொருள் இது, முறைப்படி விலைச்சீட்டு எழுதிக் கொடுக்கிறேன், இறங்கும் இடத்தில் தீர்வைக்குரிய பொருள் உண்டா என்று கேட்பார்கள், உண்டு என்று சொல்லிச் சீட்டை நீட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அய்ய, அது தங்கம் கொண்டார்றவனுக்கு மச்சான். பாட்டிலு கொண்டார்றவனுக்கு. நம்ம புள்ள இன்னா கடத்தலா பண்றான்? உண்டுன்னு வாயத் தெறந்தா பேஜாராப் பூடும். இல்லன்னு சொல்லிட்டு நேரா நடக்கணும்டா, திரும்பிப் பாக்காத." நான் சட்டப்படி விளக்கத் தொடங்கினேன். நீ, என் மகன், பொறியியல் பட்டதாரி, சொன்னாய்: "ப்பா, ஆரம்பிச்சிட்டீங்களா? இது கோர்ட் இல்லப்பா." எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும்தான்.

விமான நிலையத்தில் நடந்ததை நீ சொன்னபடியே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து. அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். தீர்வைக்குரியது ஏதேனும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றாய். பெட்டியைத் திறக்கச் சொன்னாள். இவையெல்லாம் என்ன என்று கேட்டாள். வீட்டில் கட்டுகிற புடவை என்றாய். அவள் ஒன்றை விரித்து, ஃபால்ஸையும் குஞ்சத்தையும் பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் யாரு கட்டுறது?" என்றாள். மனைவி என்றாய். "அவங்க எங்க?" இன்னும் திருமணம் ஆகவில்லை என்றாய். மகனே, என் அனுபவத்தில் எத்தனையோ சாட்சிகள் குறுக்கு விசாரணையில் விழுந்து பார்த்திருக்கிறேன். இரண்டே கேள்வியில் இவ்வளவு முழுமையாக விழுந்தவனைப் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. ஃபால்ஸ் தைத்தது வாங்குகிறவர்களின் சௌகரியத்துக்காக அல்ல, புதுப் புடவையைக் கட்டிய புடவையாகக் காட்டுவதற்காக. உன் மாமாவின் யோசனை. உனக்குத் தெரிந்தே நடந்தது. தைத்தவளுக்குத்தான் தெரியாது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பொறுமையாகப் படி, இதில்தான் உன் பிழை முழுவதும் இருக்கிறது. தீர்வைக்குரியது என்றால் தீர்வை விதிக்கத்தக்கது என்று பொருள். அதற்குமேல் ஒரு துளியும் இல்லை. தடைசெய்யப்பட்டது என்பது வேறு சொல். கடத்தப்பட்டது என்பது வேறு சொல். தங்கமும் மதுவும் தீர்வைக்குரியவற்றில் சில, அவை மட்டுமே அல்ல. அந்தச் சொல் பெட்டியில் இருக்கும் பொருளைப் பற்றியது, பெட்டியைத் தூக்கி வந்தவனின் குணத்தைப் பற்றியதல்ல. நீயோ அந்தக் கேள்வியை, நீ திருடனா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டாய். திருடனா என்று கேட்டால் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். உன்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. சொல்லப்போனால் நீ இல்லை என்று சொல்லும்வரை உன் மீது எந்தக் குற்றமும் இல்லை. சொன்ன பிறகுதான் உண்டாயிற்று.

இன்னொன்று. ஒரு பொருள் தீர்வைக்குரியது என்பதாலேயே பணம் கட்டியாக வேண்டும் என்பதில்லை. சட்டம் எதுவானாலும் அதில் விலக்கு இருக்கும், வரம்பு இருக்கும், சலுகை இருக்கும். மலேசியச் சட்டத்தை நான் படித்தவனல்ல; பட்டுப் புடவைக்கு அங்கே தீர்வை எவ்வளவு, உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உன் மாமாவுக்குத் தெரியாது என்பதை எழுத வேண்டியதே இல்லை. தெரிந்தவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒருத்திதான், கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பும் அவளுடையதுதான். உண்டு என்று சொல்வது அந்தப் பொறுப்பை அவளிடம் ஒப்படைப்பது. இல்லை என்று சொல்வது, அவள் நாற்காலியில் நீ ஏறி உட்கார்ந்துகொண்டு, உன் வழக்கை நீயே விசாரித்து, உனக்குச் சாதகமாக நீயே தீர்ப்பு எழுதுவது. நம் ஊரில் எந்த மாவட்ட முன்சீப்புக்கும் அந்த வசதி கிடையாது.

பொருளின் தன்மையும் பயனும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே புடவையை எடுத்துக்கொள். உன் அம்மா அதைக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கினால் அது உடை. நீ அதையே விற்பதற்குக் கொண்டுபோனால் சரக்கு. நூல் மாறவில்லை, சரிகை மாறவில்லை. எதற்காகப் போகிறது என்பது மாறியது. களம்பூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரிய மூட்டையில் போனால் வரியில்லாத அதே அரிசிக்கு, சிறு பையில் அடைத்துப் பெயர் அச்சிட்டால் வரி உண்டு என்று சொன்னேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "எங்கப்பா காலத்திலிருந்து நேர்மையா யாவாரம் பண்றோம் சார். எங்க அரிசி இன்னா கள்ளச்சாராயமா? வரிக்குரியதுன்னு எழுதறீங்களே, படிக்கறவன் இன்னா நெனைப்பான்?" என்றார். படிக்கிறவன் ஐந்து சதவிகிதம் என்று நினைப்பான் ஐயா, வேறொன்றும் நினைக்கமாட்டான் என்று சொல்லி உட்காரவைத்தேன். அவரை மன்னிக்கலாம். அவர் அரிசியின் மானத்துக்காகக் கோபப்பட்டார். நீ அத்தை நெய்த புடவையின் மானத்துக்காக ஒன்றும் செய்யவில்லை, உன் சொந்த நடுக்கத்தில் பேசினாய்.

இனி உன் வரைவு. "மேற்படி புடவைகள் யாவும் என் தாயாருடையவை, பல ஆண்டுகளாகக் கட்டிப் பயன்படுத்தப்பட்ட பழையவை, வணிக மதிப்பு அற்றவை" என்று எழுதி, அது உண்மையென்று ஒரு வழக்கறிஞர் சான்றளிக்க வேண்டும் என்கிறாய். மனைவி என்று ஏற்கெனவே சொன்னவன் இப்போது தாயார் என்று எழுதினால் அதிகாரி என்ன நினைப்பார் என்பதை நீ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வியப்படைந்திருப்பேன். உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில், "என்னுதுன்னு சொன்னா சொல்லிட்டுப் போறான், ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுங்களேன்" என்றாள். பிறகு பெட்டியில் இருந்தவற்றை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. "ஆமா, இத்தினி பட்டு எனக்கு எந்தக் காலத்துல எடுத்துக் குடுத்தீங்க நீங்க?" என்றாள். நான் வரைவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் சொல்ல வேண்டாம், அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதை நான் ஏற்கவில்லை. பொருள் அவளுடையது. உரிமையாளருக்குத் தெரியாமல் அவள் பொருளைப் பற்றி உறுதிமொழி கொடுக்க எந்தச் சட்டமும் இடம் தராது, எந்த அண்ணனும் தரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குக் கட்டிய புடவையை மாற்றிவிட்டுத் தறியில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். "புள்ள ஃபோன் பண்ணானாண்ணா? எத்தினி வித்துப் போச்சாம்?" என்றாள். ஒன்றும் விற்கவில்லை, பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். "புள்ளய உட்டுட்டாங்களா?" விட்டுவிட்டார்கள் என்றேன். அவள் பெருமூச்சு விட்டு மறுபடி இழையைப் பிடித்தாள். "உடு. அவன் பத்திரமா கீறானில்ல. கட்ட வேண்டியதக் கட்டிட்டு எடுத்துகினு வரச் சொல்லு." பெட்டி பிடிபட்டது தெரிந்ததும் அவள் முதலில் கேட்டது உன்னைப் பற்றி. இதை எழுதியே ஆகவேண்டும்.

பிறகு உன் வரைவைப் படித்தேன். பழையவை என்ற இடத்தில் அவள் கை நின்றது. "இன்னா? இன்னொரு தபா படிங்க." படித்தேன். "எது பழசு?" புடவைகள் என்றேன். "யாரு சொன்னது?" உன் அண்ணன் மகன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அதை எழுதியவன் நான்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "மொத மொத எனக்குன்னு நெய்ஞ்சேன். தறியிலேர்ந்து அறுத்து மடிச்ச சூடுகூட ஆறல. அத எவளோ கட்டிக் கழிச்சுப் போட்ட துணின்னு எழுதிக் குடுக்கறானா? மதிப்பு இல்லன்னு எழுதறானா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்குத்தான் ஃபால்ஸாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறைக்க முடியவில்லை. "உங்க மச்சானக் கூட்டினு வாங்க. மிச்ச ஃபால்ஸு துணி கீது. அந்த ஆளு வாயில வெச்சித் தெச்சி உட்டுடறேன்" என்றாள். நீ அவள் முன்னால் போய் நிற்கும் நாளுக்கும் ஏதாவது மிச்சம் வைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது உனக்கு எழுதிய விளக்கத்தையே அவளுக்கும் சொன்னேன். விலக்கு, வரம்பு, சலுகை எல்லாம். கேட்டுவிட்டு, "அப்போ அங்க பட்டுக்கு எத்தினி போடுவாங்க?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாமயா இத்தினி நேரம் பேசினீங்க?" என்றாள். சரி. அதை நான் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆனால் ஒன்றை அவளிடம் ஒளிக்கவில்லை, உன்னிடமும் ஒளிக்கமாட்டேன். முதலில் இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு இப்போது உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்த யோக்கியமான வழக்கறிஞனும் வாக்குக் கொடுக்க முடியாது. அபராதம் விதிக்கலாம். புடவைகளையே எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கலாம். உன் வரைவைக் கொடுத்தால், அந்தப் பொய்யை அவர்கள் நம்பினால், ஒருவேளை எல்லாம் அப்படியே திரும்பி வரவும் கூடும். இரண்டையும் நேராகச் சொன்னேன். முடிவெடுக்க வேண்டியவள் அவள். தறிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். நான் பேசாமல் இருந்தேன், அது எனக்கு எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் சொன்னாள்: "வந்தா புதுசா வரட்டும். போனாலும் புதுசாவே போவட்டும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்தப் புடவைகள் புதியவை, ஆரணியில் தன் தறியில் தானும் தன் கணவரும் நெய்தவை, விற்பதற்காக அண்ணன் மகனிடம் கொடுத்தனுப்பியவை, சட்டப்படி உரியதைக் கட்டச் சம்மதம். இவ்வளவுதான். அனுபவமில்லாத பையன் தெரியாமல் செய்த பிழை என்று உனக்காக நான் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். "அத எடுங்க. எம்பொடவையப் பத்தி நான் சொல்லிட்டேன். அவன் பண்ணத அவன் எழுதட்டும்" என்றாள். எடுத்துவிட்டேன். வரைவில் அவள் செய்த ஒரே திருத்தம் அது, சரியான திருத்தம்.

உன் தாளில் நான் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டேன். அவள் தாளில் சாட்சியாக இட்டிருக்கிறேன். அதன் அசலும், புடவைகளுக்கு அவள் பெயரில் எழுதிய விலைச்சீட்டும் இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகின்றன. படமெடுத்தும் அனுப்பியிருக்கிறேன், ஆனால் அலுவலகத்தில் அசலைத்தான் கொடுக்க வேண்டும். மீதியை உன் கையால் எழுது: கேட்டபோது இல்லை என்றேன், அது உண்மையல்ல, இவை தீர்வைக்குரிய பொருள்கள். காரணம் எதையும் அடுக்காதே. உன் மாமாவைக் கலந்தாலோசிக்காதே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பிச் சரிபார்க்கவும் வேண்டாம். நான் திருத்தினால் அது நான்கு பக்கமாகிவிடும், நடுவில் ஓரிடத்தில் உன்னைக் காப்பாற்றப் பார்ப்பேன். நேராகக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடமே கொடு.

உன் மீது கோபம் சற்றும் குறையாத,
அப்பா